மாட்டுப் பேனுக்கு லேபிள் இல்லாத மருந்தை வாங்கி ஊற்றிவிடாதீர்கள்

எருமை வளர்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். டாக்டர் நேரத்துக்கு வந்ததால்தான் எங்கள் கன்று இன்று உயிரோடு இருக்கிறது.

மார்கழியில் எருமைக்குப் பேன் பிடித்தது. கழுத்து மயிரை விலக்கினால் அடியில் ஈர் அப்பிக் கிடந்தது. தூணில் உரசி உரசித் தோலே புண்ணாகிவிட்டது. வாரச்சந்தையில் மருந்து விற்ற ஒருவர், "முதுகுல ஒருதடவை ஊத்துனாப் போதுங்க, ஆறு மாசத்துக்குப் பேன் அண்டாது" என்றார். அரை லிட்டர் 450 ரூபாய். எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டதற்கு, "அரை டம்ளர்" என்றார்.

ஊற்றிய மூன்றாம் நாள் செத்த பேன் உதிர்ந்தது. சரி, நல்ல மருந்துதான் என்று நம்பிவிட்டோம். பதினைந்தாம் நாள் மறுபடி அதே சொறிச்சல். போன் செய்தால், "பத்தலைங்க, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க, கன்னுக்கும் ஊத்திருங்க" என்றார். ஊற்றினோம்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கன்றின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. பின்னங்கால் நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

டாக்டர் பாட்டிலை மோந்து பார்த்ததுமே, "இது வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து" என்றார். விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசியை விட்டு விட்டுப் போட்டார். கையில் உறை மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் இரண்டையும் கழுவச் சொன்னார். இருட்டிய பிறகுதான் கன்று எழுந்து நின்றது.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எவ்வளவு ஏமாந்திருக்கிறோம் என்று புரிந்தது. முதுகில் ஊற்றும் மருந்து என்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அளவு எடைக்கணக்கு: ஃபுளுமெத்ரின் 1 சதவீத மருந்து என்றால் 10 கிலோவுக்கு 1 மில்லி. 60 கிலோ கன்றுக்கு 6 மில்லிதான். நாங்கள் ஊற்றியது அரை டம்ளர்! அந்த மருந்தும் வாரக்கணக்கில்தான் நிற்கும். ஆறு மாதம் நிற்கும் என்பது பச்சைப் பொய். பேன் செத்தாலும் ஈர் சாகாது. ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும். அதனால் பெரும்பாலும் இரண்டாம் தடவை போட வேண்டிவரும், தொழுவத்தில் இருக்கும் எல்லா உருப்படிக்கும் ஒரே நாளில் போட வேண்டும். பேனுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் கறவைக்குக் கூடாது என்றார்.

எனக்கு இன்றும் ஆறாதது பால்தான். அந்தப் பதினைந்து நாளும் கறந்த பாலை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குடித்தார்கள், தெருவில் நான்கு வீட்டுக்கும் ஊற்றினோம். நான்கு வீட்டிலும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். டாக்டர் சொல்லும்வரை கறந்ததைக் குழி வெட்டிக் கொட்டினோம்.

விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில், பச்சை மூடி, லேபிள் இல்லை, கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கையெழுத்துச் சீட்டு. உங்கள் சந்தையில் கண்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஊற்றியிருந்து, மாடு எச்சில் ஒழுக்கினால், உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு போன் அடியுங்கள்.