பிராட் மென்பொருள்: என் குரலைக் கண்ணால் பார்த்த எட்டு மாதம்

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், ரீலோட் என்று நாள் போகும். கடைக்கு வருகிறவர்கள் என்னை "மிஸ்" என்பார்கள், "தங்கச்சி" என்பார்கள். அதே ஆட்கள் போனில் கூப்பிட்டால் "தம்பி, கடை திறந்திருக்கா?" என்று கேட்பார்கள். நான் திருநங்கை. ஹோர்மோன் எடுக்கத் தொடங்கியபோது குரலும் தானாக மாறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது மாறாது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் குரல் நாண்களைத் தடிப்பாக்கிவிட்டால், ஈஸ்ட்ரோஜன் அதை மெல்லியதாக்காது. பயிற்சிதான் எடுக்க வேண்டும்.

நான் பயிற்சிக்குப் பயன்படுத்தும் மென்பொருளைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். பெயர் பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் உருவாக்கியது. ஒல்லாந்து மொழியில் அந்தச் சொல்லுக்குப் பேச்சு என்று அர்த்தம். மொழியியல் ஆராய்ச்சிக்காரர்களுக்காகச் செய்தது, முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை. சின்ன ஃபைல் ஒன்றை இறக்கிக்கொண்டால் போதும், இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை. அதன் பிறகு இணையமும் வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறபடியால் எனக்கு இது பெரிய விஷயம்.

முதலில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போனேன். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது, அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது நான் அந்த வேலையை முடித்திருக்கவில்லை. வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். எழுந்து போக என்னால் முடியவில்லை. வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். இரண்டாவது தடவை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே இருந்த பேச்சு சிகிச்சையாளர் நல்லவர், அரை மணித்தியாலம் பொறுமையாகப் பேசினார். அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து என்றார்கள். அந்த இடைவெளியில் கிடைத்ததுதான் பிராட்.

பயன்படுத்துவது இப்படி. நியூ மெனுவில் "ரெக்கோர்ட் மொனோ சவுண்ட்" என்பதை அழுத்திப் பேசிப் பதிய வேண்டும். "சேவ் டு லிஸ்ட்" கொடுத்து, பிறகு "வியூ அண்ட் எடிட்". திரையில் மேலே அலை, கீழே சாம்பல் நிறப் படம். அந்தப் படத்தின் மேல் நீலக் கோடு ஒன்று ஓடும், அது சுருதி. சிவப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் அவை போர்மன்ட்கள். அதாவது தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள குழாய் எந்த அதிர்வுகளைத் தூக்கிக் கொடுக்கிறது என்பதன் அடையாளம். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து எஃப்5 விசையை அழுத்தினால் அதன் சராசரிச் சுருதி ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கில், வரும். எஃப்1 அழுத்தினால் முதல் போர்மன்ட், எஃப்2 அழுத்தினால் இரண்டாவது.

நான் பதிந்த முதல் வசனம் கடையில் தினமும் சொல்கிறதுதான்: "எத்தனை கொப்பி வேணும், ரெண்டு பக்கமும் அடிக்கணுமா?" 118 ஹெர்ட்ஸ். ஆண்களின் குரல் பொதுவாக 100 முதல் 120 வரை, பெண்களுடையது 200ஐ ஒட்டி என்று வாசித்திருந்தேன். அப்படியென்றால் 220க்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். சட்டர் இறக்கிய பிறகு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கும் இருபது நிமிடத்தில் நீலக் கோட்டை மேலே மேலே தள்ளினேன். நாங்கள் இருக்கிற லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பயிற்சி செய்ய முடியாது. பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் நமக்குக் கேட்கும். பத்து நாளில் 220 வந்தது, தொண்டையும் போனது. ஒரு வாரம் பேசினாலே வலி. இதைவிட என்னை உடைத்தது அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டதுதான். ஓர் ஆண் கீச்சுக் குரலில் பேசுகிறதுபோலத்தான் இருந்தது.

அந்த வாரம் எதுவும் செய்ய முடியாமல் சும்மா இருந்தபோது அக்காவின் குரலைப் பதிந்து பார்த்தேன். அக்கா கொழுந்து எடுக்கிறவர். மலையில் தூரத்து நிரையில் நிற்கிறவருக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பேசிக் கனத்த குரல். பதியலாமா என்று கேட்டதும், "எதுக்குடி பாப்பா என் குரலு? காக்கா கத்துற மாதிரி இருக்கும்" என்றார். பிறகு அதே வசனத்தை எனக்காகச் சொன்னார். எஃப்5 அழுத்தினேன். 168.

இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தேன். 168தான். அக்காவை எந்தக் காலத்திலும் யாரும் போனில் தம்பி என்றதில்லை. நான் 220இல் நின்றும் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள். சரி, வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் சிவப்புப் புள்ளிகளைக் கவனித்துப் பார்த்தேன். அக்காவின் "ஆ"வில் இருந்த புள்ளிகள் என் "ஆ"வில் இருந்தவற்றைவிட உயரத்தில் நின்றன. காரணம் எளிமையானது. வளர்ந்த ஆணுக்குக் குரல் நாணிலிருந்து உதடு வரை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 14, 15. நீளக் குழாயில் ஒத்ததிர்வு தாழ்வாக இருக்கும், குட்டைக் குழாயில் உயரும். நான் நாண்களை மட்டும் இழுத்துவிட்டுக் குழாயை அப்படியே விட்டிருந்தேன்.

குழாயைக் கொஞ்சம் குறுக்க முடியும். எச்சிலை விழுங்கும்போது கழுத்தில் விரல் வைத்தால் குரல்வளை மேலே ஏறுவது தெரியும். கொட்டாவி விட்டால் இறங்கும். விழுங்கும் அந்த இடத்துக்குப் பக்கத்தில், இறுக்காமல், அதை மெல்ல நிறுத்திப் பழக வேண்டும். எனக்கு மிகவும் உதவியது குசுகுசுப் பேச்சு. குசுகுசுக்கும்போது சுருதியே இல்லை, குழாயின் வடிவம் மட்டும்தான் காதில் விழும். முதலில் "இ" என்று குசுகுசுத்து, அந்த வடிவத்தை விடாமல் "ஆ"வுக்கு வந்து, அதே வாயோடு மெல்லக் குரலைச் சேர்ப்பேன். நம் தமிழில் "இ", "ஏ" இரண்டும் நாக்கை முன்னுக்குக் கொண்டுவரும், அது நமக்கு உதவி. "ழ"வும் "ஊ"வும் பின்னுக்கு இழுக்கும். "வாழைப்பழம்" இன்னும் எனக்குச் சிரமம்.

பிராட் இதில் ஆசிரியர் இல்லை, எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லாது. பேசும்போதே கோடு ஓடாது, பதிந்து நிறுத்திய பிறகுதான் பார்க்கலாம். உடனுக்குடன் சுருதி காட்டும் போன் செயலிகள் இருக்கின்றன, ஆனால் நான் முயன்றவை சுருதியை மட்டுமே காட்டின. மெனு எல்லாம் ஆங்கிலம், முதல் பார்வைக்குப் பயமாக இருக்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் படம் முழுக்கக் கறுத்து, நீலக் கோடு திடீரென்று பாதிக்கு விழும் அல்லது இரட்டிப்பாகும். எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் பாதிப் பதிவுகள் அப்படித்தான் வீணாகின. போன் இயர்போனின் மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் கொஞ்சம் தப்பலாம்.

போர்மன்ட் செட்டிங்கில் ஒரு விஷயம். மேல் எல்லை 5500 ஹெர்ட்ஸ் என்று வைத்திருப்பார்கள், அது பெண் குரலுக்கு. ஆண் குரலுக்கு 5000 என்று கையேடு சொல்கிறது. எதை வைப்பது என்று முதல் நாள் நெடுநேரம் யோசித்தேன். 5500இலேயே விட்டேன். எட்டு மாதமாக மாற்றவில்லை. எதையாவது ஒன்றையே வைத்துக்கொண்டால்தான் போன மாதத்துப் புள்ளியோடு இந்த மாதத்துப் புள்ளியை ஒப்பிட முடியும். "ஆ"வை "ஆ"வோடும் "இ"யை "இ"யோடும்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அந்தச் சிகிச்சையாளரிடம் என் பதிவுகளைக் காட்டினேன். தொண்டை வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்து என்றார். தண்ணீர் கோப்பையில் ஸ்ட்ரோ வைத்துக் குமிழி விட்டபடி "ஊ" என்று முனகச் சொன்னார், நாண்களுக்கு அது ஆறுதல். காலையில் கடை திறக்கும்போது வெந்நீரில் அதைத்தான் முதலில் செய்கிறேன். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை டொக்டரைப் பார்க்கச் சொன்னார்.

இப்போது என் வசனம் 175 பக்கம் நிற்கிறது. அதற்கு மேலே தள்ளுகிற எண்ணம் இல்லை. இப்போது கவனம் நீலக் கோட்டின் வடிவத்தில். அக்காவின் கோடு கொட்டகலை ரோட்டைப்போல ஏறி இறங்கி வளைந்து போகிறது. "அடிக்கணுமா" என்பதன் கடைசியில் அவர் கொஞ்சம் இழுத்து மேலே தூக்குகிறார். என்னுடையது இன்னும் தட்டையாகத்தான் போகிறது. போனில் பத்துப் பேரில் ஏழு, எட்டுப் பேர் "மிஸ்" என்கிறார்கள். களைத்துப்போன பின்னேரங்களில் பழைய குரல் வந்துவிடுகிறது, அன்றைக்குத் தம்பிதான்.

உங்கள் கொம்பியூட்டர் பழசாக இருந்தால் 32 பிட் விண்டோஸுக்கும் பதிப்பு இருக்கிறது, பார்த்து இறக்குங்கள். பதிவுகளை வேவ் ஃபைலாகத் தேதி போட்டு ஒரு பென் டிரைவில் வையுங்கள். அப்புறம், உங்கள் வீட்டுப் பெண் ஒருவரிடம் கேட்டு அவருடைய குரலை முதல் நாளே பதிந்துகொள்ளுங்கள். நான் அதைப் பத்து நாள் தாமதித்துச் செய்தேன்.