மலை 'மாலை' ஆகாமல் வாசிக்கும் கை

வரிகளை நம்பி நிற்கும் பாடலுக்குக் கிடாரில் தேர்ந்த கை வேண்டுமா, நான்கு கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடி) தெரிந்தால் போதாதா என்ற வாக்குவாதம் சேலத்தில் நாங்கள் பாடக் கூடும் மாலைகளில் ஓயாமல் நடந்து வந்தது. சென்ற மார்கழியில், ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் ஒரே பாடலை இருவர் வாசிக்கக் கேட்ட பிறகே எனக்குத் தெளிவு பிறந்தது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண் தன் தாயிடம் பேசுவதாக நண்பர் எழுதிய பாடல் அது, பாடியவரும் அவரே.

முதலில் வாசித்தவர் கிடார் பழகி ஓராண்டு ஆகாதவர். ஜி, சி, டி, இ மைனர் என்னும் நான்கு கார்டுகளை மாற்றி மாற்றி, எல்லாத் தந்திகளையும் ஒன்றாக வருடி ஸ்ட்ரம் செய்தார். அடுத்தவர் பத்தாண்டுக்கு மேல் பழகியவர். கட்டைவிரலில் பேஸ் என்னும் கீழ்ச்சுரங்கள், மற்ற விரல்களில் மெட்டு, இடைவெளி கண்ட இடமெல்லாம் வேகமான சுரவரிசையாக ஓர் ஓட்டம் என்று நிரப்பினார். கிடாரை மட்டும் கேட்டால் இருவரையும் ஒப்பிடவே முடியாது. ஆனால், "நீயும் இப்படித்தான் நின்றாயா, அம்மா?" என்று மகள் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் இரண்டாமவருடைய ஓட்டம் வந்து விழுந்ததால், அந்தக் காத்திருப்பே கேட்காமல் போயிற்று. எளிய வாசிப்பில் அது கேட்டது.

இதை வைத்துத் திறமை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சரணத்தில் 'மலை' என்றொரு சொல் வருகிறது. முதலாமவரின் டவுன் ஸ்ட்ரோக், அதாவது மேலிருந்து கீழாக வரும் அடி, அதன் முதலெழுத்தில் கனமாக விழுந்து நின்றதால், பாடியவரும் அதோடு இழுபட்டு 'மாலை' என்றே பாடிவிட்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தமிழில் அந்த ஒரு மாத்திரை தவறினால் பொருளே மாறிவிடும். ஆகவே தமிழ் வரிகளுக்கு வாசிப்பவரிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது, எழுத்தின் அளவறிந்து விழும் வலக்கையைத்தான். அதுவும் நுட்பமே; ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் வரும்.

வரிகளுக்காகவே கேட்கப்படும் கனடியக் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹன், இளமையில் ஒரு ஸ்பானிய இளைஞர் கற்றுக்கொடுத்த ஆறு கார்டுகளே தம் பாடல்களுக்கெல்லாம் அடிப்படை என்று 2011-இல் ஸ்பெயினில் பேசினார். கார்டு ஆறுதான், ஆனால் அவற்றை மீட்டிய வலக்கையின் வேகமும் சீரும் தொடக்கக்காரருக்கு எளிதில் வராதவை. கனடியப் பாடகி ஜோனி மிட்செலோ, சிறுவயதில் கண்ட போலியோவால் இடக்கை வலுவிழந்ததால், அந்தக் கைக்கு வேலை குறையும்படி தந்திகளின் சுருதியையே மாற்றிவைத்து வாசித்தார்.

இதற்கு மறுப்பாக நண்பர்கள் 1982-இல் வந்த 'இளைய நிலா' பாடலின் கிடாரைக் காட்டுவார்கள். எனக்கும் அது உயிர். ஆனால் அங்கே கிடார் பாடலின் இன்னொரு குரலாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் தனியாகத் தம் வரிகளைச் சொல்லிப் பாடும்போது அதை அளவுகோலாக வைப்பது பொருந்தாது.

சுருதி சேர்ப்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சலுகையில்லை. சேலத்து வெயிலில் சேர்த்த கிடாரைச் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால், குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். பிசகிய சுருதியில் எந்த வரியும் காதில் நிற்காது.

அன்றிரவு மூன்றாம் முறையும் பாடினோம். தேர்ந்தவரே வாசித்தார், ஓட்டங்களை விட்டுவிட்டார். மகளின் கேள்வி முடிந்ததும் உள்ளங்கையால் தந்திகளை அமர்த்தி, அடுத்த வரி எழும்வரை பொறுத்தார். 'மலை' வந்த இடத்தில் கட்டைவிரல் ஒரே ஒரு பேஸ் தந்தியைத் தொட்டு உடனே விலகியது. சொல் குறிலாகவே ஒலித்தது.