டர்போ நட்டுகள் தளராமல் இருக்க: பூட்டும் வாஷரா, இன்கோனெல் ஸ்டட்டா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா போன்ற சிறிய கார்களில் பின்னாளில் டர்போ (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) பொருத்தி ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு நன்கு பழக்கமான தொல்லை, எஞ்சினின் புகையைத் திரட்டும் குழாயான மேனிஃபோல்டையும் டர்போவையும் இணைக்கும் நட்டுகள் தளர்ந்துபோவது. இதற்குக் கடையில் கிடைக்கும் தீர்வுகள் பல இருந்தாலும், அவை யாவும் ஒரே கோளாற்றுக்கானவை அல்ல. நட்டு அதிர்வில் சுழன்று கழல்வது ஒன்று. நட்டு இம்மியும் அசையாமல், அது ஏறியிருக்கும் தலையில்லா மரைக்கம்பியான ஸ்டட் மட்டும் சூட்டில் நீண்டு இறுக்கத்தை இழப்பது வேறொன்று.

எது நடக்கிறது என்பதைக் கண்டறிவது எளிது. ஸ்டட்டின் முனை, நட்டு, ஃபிளாஞ்சு (இணைப்பின் தட்டையான விளிம்பு) மூன்றின் மீதும் ஓடுமாறு, வெப்பம் தாங்கும் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். நட்டில் மட்டும் கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது. ஸ்டட்டும் நட்டும் சேர்ந்தே விலகியிருந்தால், ஸ்டட்தான் மேனிஃபோல்டின் மரையிலிருந்து கழன்று வருகிறது. கோடு நேராகவே இருக்க, இடையிலுள்ள கசிவுத்தடுப்புத் தகடான கேஸ்கட்டின் ஓரத்தில் கரி படிந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்ற ஓசையும் கேட்டால், எதுவும் சுழலாமலேயே இறுக்கம் போய்விட்டது என்று கொள்ளலாம்.

சில பொருள்களை இங்கே தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். நைலான் வளையமுள்ள நட்டு சுமார் 120 டிகிரிக்கு மேல் பயன்படாது. மரையை ஒட்டும் நீல நிறப் பசையான லாக்டைட் 243-இன் வரம்பு 180 டிகிரி. பெட்ரோல் எஞ்சினின் புகையோ முழு வேகத்தில் 900 டிகிரியைத் தொடும். ஸ்பிரிங் வாஷரின் பூட்டும் திறனைப் பற்றி, நாசா 1990-இல் வெளியிட்ட இணைப்பான் வடிவமைப்புக் கையேடே அது பயனற்றது என்று எழுதிவிட்டது.

சுழற்சியைத் தடுப்பவற்றுள் மலிவானது, மரை சற்றே நசுக்கப்பட்ட, தாமிரப் பூச்சுள்ள முழு உலோக நட்டு. கார் நிறுவனங்கள் பலவும் இவ்வகையையே பயன்படுத்துகின்றன. இறுக்கம் குறைந்த பின்னும் நட்டு கழன்று விழாமல் இது பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒருமுறை கழற்றினால் புதிதே போட வேண்டும். ஓரத்தை மடித்துவிடும் டேப் வாஷரும், நட்டுகளைக் கம்பியால் பிணைக்கும் லாக் வயரும் இதே வேலையை இன்னும் உறுதியாகச் செய்கின்றன. எனினும் மெல்லிய டேப் தகடு சூட்டில் அமுங்கிக்கொடுத்தால், பூட்டிய நட்டின் அடியிலேயே இறுக்கம் குறைந்துவிடும்.

சுவீடனின் நார்ட்-லாக் வாஷர் இவற்றினும் நுட்பமானது. இரட்டை வாஷர்களின் உட்புறச் சரிவு, மரையின் சரிவைவிடக் கூடுதலாக இருக்கும். எம்8 போல்ட்டின் வழக்கமான மரைச் சரிவு ஏறத்தாழ 3 டிகிரிதான் என்பதால், நட்டு பின்னோக்கிச் சுழல முயன்றால் இறுக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. ஆனால் இந்த இயக்கம் முழுவதும் ஸ்டட்டில் இழுவிசை எஞ்சியிருப்பதை நம்பியே நிற்கிறது. அது போய்விட்டால் வாஷர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எனவே உண்மையான போட்டி ஸ்டட்டின் உலோகத்தில்தான் இருக்கிறது. உயர்வலிமை கொண்ட 10.9 தர எஃகு ஸ்டட் சாலைக்குப் போதும். டிராக்கில் ஃபிளாஞ்சின் வெப்பம் அந்த எஃகைப் பதப்படுத்திய வெப்பத்தையே தாண்டும்போது அதன் வலிமை குறைகிறது. துருப்பிடிக்காது என்று நம்பிப் பலர் வாங்கும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டை, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் போட நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு அது சுமார் 17 மைக்ரான் விரிய, வார்ப்பிரும்பு ஏறத்தாழ 12 மைக்ரான்தான் விரிகிறது. 40 மி.மீ. பிடிநீளத்தில் (ஸ்டட் இறுக்கிப் பிடிக்கும் பகுதியின் நீளம்) 600 டிகிரி சூடேறினால் வேறுபாடு 0.12 மி.மீ. ஆகிறது, 300 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இறுக்கியபோது ஸ்டட் நீண்டிருந்ததோ வெறும் 0.06 மி.மீ.தான். அதாவது கார் சூடானதும் பிடிமானமே இல்லை.

நிக்கல் கலப்பு உலோகமான இன்கோனெல் 718 சுமார் 14 மைக்ரான்தான் விரிகிறது. 650 டிகிரியிலும் தன் வலிமையின் பெரும்பகுதியைத் தக்கவைக்கிறது. மேனிஃபோல்டு ஸ்டெயின்லெஸ்ஸால் ஆனது என்றால் இன்னும் நல்லது: ஃபிளாஞ்சு ஸ்டட்டைவிட அதிகம் விரிவதால், சூட்டில் இறுக்கம் கூடவே செய்யும். விலை எஃகு ஸ்டட்டைப் போலப் பல மடங்கு என்பது மட்டுமே குறை.

அன்றாடம் அலுவலகம் சென்றுவரும் காருக்கு எஃகு ஸ்டட்டும் புதிய முழு உலோக நட்டும் போதும். இன்கோனெல் வீண் செலவு. டிராக் காருக்கு இன்கோனெல் ஸ்டட்டை முதலில் வாங்கி, வெப்பத்துக்கேற்ற உலோகத்தில் செய்த நார்ட்-லாக்கைப் பிறகு சேர்க்கலாம். வரிசையை மாற்றினால் பணம்தான் போகும். எதைப் போட்டாலும், டர்போவிலிருந்து கீழிறங்கும் புகைக்குழாயான டவுன்பைப்பின் எடையை எஞ்சின் பிளாக்கிலிருந்தே தாங்கும் பிராக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது இல்லையென்றால் தொங்கும் குழாயின் ஆட்டம் முழுவதும் அந்த ஸ்டட்டுகளின் மீதுதான் விழும்.