முன் சொக்கும் கல்லடி உப்புக் காற்றும்

முன் சொக் (முன் சக்கரத்தில் விழும் அடியை அமுங்கி வாங்கும் பாகம்) உள்ள மவுண்டன் பைக் எடுப்பதா, இல்லாததை எடுப்பதா என்று அக்கரைப்பற்றில் இருக்கும் மச்சான் கேட்டிருந்தான். போன வாரம்தான் என் வண்டியின் சொக்கைக் கழற்றிவிட்டு, அசைவே இல்லாத சாதாரண இரும்பு போர்க் (முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் கவை) பூட்டிக்கொண்டு வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் இதை வாசிக்கிறவர்கள் அந்தக் கோபத்தையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 26 அங்குலச் சக்கரம், அலுமினியப் பிரேம், முன்னால் 3 பின்னால் 8 கியர், றிம்மைப் பிடிக்கும் வி பிரேக். ஜப்பானில் பாவித்து இங்கே வந்தது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போன காலத்தில் வாங்கினேன். அந்த நேரம் சைக்கிளுக்கு இருந்த கிராக்கியும் விலையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பிரேம் இன்றைக்கும் கல்லு மாதிரி நிற்கிறது, கியரிலும் குறை இல்லை. என் பிரச்சினை முழுக்க அந்த முன் சொக்கோடுதான்.

நியாயமாக முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீடு மட்டக்களப்புக் கல்லடியில். வேலை வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். காத்தான்குடி, ஆரையம்பதி கடந்து மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்கு ஏறுவேன். 2014 இல் அந்தப் பாலம் திறக்குமட்டும் அங்கே படகுப்பாதைதான். கொக்கட்டிச்சோலை வரைக்கும் றோட்டு நல்லது, அதற்கு அப்பால் உள்ளே இறங்கினால் கிறவல். வெள்ளம் வடிந்த பிறகு அந்த றோட்டு முழுக்கக் கிடங்கு. அறுவடை நேரம் உழவு மெசின்கள் ஓடி, இரண்டு பக்கமும் ஆழமான தடம் விழுந்து காய்ந்து கிடக்கும். அந்த றோட்டில் எல்லாம் அந்தச் சொக் என் தோள் மூட்டைக் காப்பாற்றியது. சனி ஞாயிறில் வவுணதீவால் உன்னிச்சைக் குளம் வரை போய்த் திரும்பினாலும் கை விறைக்காது. கிடங்கில் சக்கரம் விழுந்தால் ஹாண்டில் கையை விட்டுத் துள்ளாது. முதல் வருசம் நான் கண்டவர்களிடம் எல்லாம் அதைப் புகழ்ந்து திரிந்தேன். அதில் ஒரு சொல்லையும் இன்று திருப்பி எடுக்கமாட்டேன்.

இனி மற்றது. கல்லடியில் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் யன்னல் கண்ணாடியைத் தொட்டால் விரலில் உப்புப் பிசுபிசுக்கும். அதே உப்புத்தான் இரவு முழுக்க வண்டியிலும் படிகிறது. செயினில் படிந்தால் துடைக்கலாம், தேய்ந்தால் புதுசு போடலாம். ஆனால் சொக்கில் வழுக்கி ஏறி இறங்கும் அந்த இரண்டு மேல் குழாய்களில் படிந்தால் கதை வேறு.

விலை குறைந்த சொக்கில் பெரும்பாலும் உள்ளே இருப்பது சுருள் கம்பி. மேல் குழாய் இரும்பு, மேலே குரோம் பூச்சு. குரோம் பளபளவென்று இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் உண்டு. உப்பு ஈரம் அதற்குள்ளால் இறங்கி இரும்பைப் பிடிக்கும். முதலில் ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளி. பிறகு அந்த இடத்தில் குரோம் உப்பி உதிர்ந்து குழி விழும். குழி விழுந்த குழாய் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும், தண்ணீர் உள்ளே போகாமல் குழாயைச் சுற்றி இருக்கும் சீல் என்ற ரபர் வளையத்தை அரம் போல அராவுகிறது. சீல் கிழிந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். அதற்குப் பிறகு உள்ளே குழாயை ஆடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்கிறது, சுருள் கம்பி கறள் பிடிக்கிறது, சொக் இறுகுகிறது. கடைசியில் அது அமுங்காத, ஆனால் ஆட்டம் மட்டும் உள்ள ஒரு பாரமான இரும்பு. என்னுடையதைக் கழற்றி நிறுத்தபோது இரண்டரைக் கிலோ. இப்போது பூட்டியிருக்கும் போர்க் அதில் பாதியும் இல்லை.

இதைப் பராமரிக்காமல் விட்டுவிட்டுக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓடி முடிந்து வந்ததும் மேல் குழாயை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு ஒயில் பூசி, சொக்கை அமுக்கி எடுத்து, மேலே வந்த அழுக்கையும் துடைப்பேன். மழைக்காலம் முடிந்ததும் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, கீழ்க்காலை (மேல் குழாய் ஏறி இறங்கும் கீழ்க் குழாய்ப் பகுதியை) உருவி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ரபரைக் கெடுக்காத கிறீஸ் போட்டுப் பூட்டுவேன். மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் பிரசர் தண்ணீர் ஒருபோதும் அடித்ததில்லை. அந்த வேகத்தில் வரும் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும், ஹப்பின் பெயரிங்குக்கும் அதே கதிதான். இவ்வளவும் செய்தும் ஜப்பானில் இருந்து வந்த முதல் சொக் இரண்டாவது மாரியோடு முடிந்தது.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது அடுத்ததுதான். அந்தப் பழைய சொக்குக்கு சீலும் இல்லை, புஷ்ஷும் இல்லை. முழுதாக மாற்றுவதே வழி என்றார்கள். புதுசு ஒன்று எடுக்கப் போன கடையில் கேட்டேன், நான் கடற்கரைப் பக்கம், இது தாங்குமா என்று. "தம்பி, இது குரோம் போட்டது, கறள் பிடிக்காது" என்று அடித்துச் சொன்னார்கள். அடுத்த வாடைக்காற்றிலேயே குழாயின் பின்பக்கம் புள்ளி விழுந்தது. போய்க் காட்டினால் பாவிக்கிற விதம் சரியில்லை என்ற பதில். பொருள் கெடுவதை நான் பொறுப்பேன், உப்புக் காற்றில் எதுவும் கெடும். ஆனால் கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு பதிலைச் சொல்லி விற்பதைப் பொறுக்க முடியாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காற்று தெரியாதா?

மேல் குழாய் அலுமினியத்தில் வரும் காற்றுச் சொக் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உண்மை, அது இப்படிக் கறள் பிடிக்காது, பாரமும் குறைவு. ஆனால் அதற்கும் கவனிப்பு வேண்டும். சொக் செய்யும் ரொக்சொக்ஸ் கம்பனி தன் சொக்குகளுக்கு 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்காலைக் கழற்றி ஒயில் மாற்றச் சொல்கிறது. நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் வேலைக்கு ஓடும் ஒருவருக்கு அது ஒன்றரை மாதக் கணக்கு. சீலும் ஒயிலும் வரவழைக்க வேண்டும், காற்று அடிக்கத் தனிப் பம்ப் வேண்டும். விலையும் என் முழு வண்டியின் விலைக்குக் கிட்ட வந்து நிற்கும். மலைச்சரிவில் இறங்கி ஓடுபவருக்கு அது தேவை. மட்டக்களப்பு மட்டமான பூமி. குடும்பிமலைப் பக்கம் போனால்தான் ஏற்றம் என்று ஒன்று கண்ணில் படும்.

சரி, மாற்றியதைப் பற்றி. சொக்கைக் கழற்றிச் சாதா போர்க் பூட்ட நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் சக்கரத்தின் அச்சு நடுவில் இருந்து போர்க்கின் கழுத்தில் பெயரிங் உட்காரும் இடம் வரை அளந்துகொண்டு போங்கள். பழைய சொக்கை விடப் புது போர்க் 20 மி.மீ. வரை குட்டையாக இருந்தால் பரவாயில்லை, ஏனென்றால் நாம் ஏறி இருந்ததும் சொக் கிட்டத்தட்ட அவ்வளவு அமுங்கத்தான் செய்யும். அதற்கும் மேலே குறைந்தால் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்துவிடும். ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் கழுத்துக் குழாயின் சாய்வு ஒரு பாகை அளவு மாறும். ஹாண்டில் பதற்றமாகத் திரும்பும், மணலில் கட்டுப்படுத்துவது கஷ்டம். அடுத்து, கழுத்துத் தண்டு பழையதின் அதே தடிப்பாக இருக்க வேண்டும், என்னுடையது ஒன்றே எட்டில் ஒன்று (1 1/8) அங்குலம். வி பிரேக் வண்டிக்குப் பிரேக் பூட்டும் குமிழ் உள்ள போர்க், டிஸ்க் வண்டிக்கு டிஸ்க் காது உள்ள போர்க். பழைய போர்க்கின் கழுத்தடியில் இருக்கும் பெயரிங் வளையத்தைத் தட்டிக் கழற்றிப் புதியதில் போட மறக்கக் கூடாது. எனக்குப் பூட்டித் தந்த அண்ணன் இதை எல்லாம் பொறுமையாகச் செய்தார், கூலியும் நியாயம். பூட்டும் முன்னமே தண்டுக்கு உள்ளாலும் வெளியாலும் ஒயில் பூசிவிட்டார். இரும்பு என்றால் இதுவும் கறள் பிடிக்கும்தான். ஆனால் இதில் வழுக்கும் குழாயும் இல்லை, சீலும் இல்லை. கறள் கண்ட இடத்தைத் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் வேலை முடிந்தது.

கிறவல் றோட்டில் இப்போது எப்படி இருக்கிறது? முதல் நாள் உள்ளங்கை எரிந்தது. அப்புறம் முன் ரயரை 2.25 அங்குலத்துக்கு மாற்றிக் காற்றை 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினேன். சொக் செய்த வேலையில் பெரும்பகுதியை இந்த ரயர் செய்கிறது என்று துணிந்து சொல்வேன். சின்னக் கல், வரி வரியான மேடு, இதெல்லாம் ரயரிலேயே அடங்கிவிடும். பெரிய கிடங்குக்குத்தான் முழங்கையை மடக்கி, இருக்கையில் இருந்து எழும்பி ஓட வேண்டும். என் ரியூப்பில் மோட்டார் சைக்கிளுக்கு வரும் அதே மாதிரி வால்வு, பெற்றோல் செட்டில் காற்று அடிக்கலாம். ஆனால் அங்கே அடிக்கிற வேகத்தில் கண் மூடித் திறக்குமுன் 60 தாண்டிவிடும். கையோடு அளவுமானி வைத்திருங்கள். காற்றை மிகவும் இறக்கினாலும் கிடங்கில் ரியூப் றிம்மோடு நசுங்கி இரண்டு கடி விழும்.

கையுறை இவ்வளவு முக்கியம் என்பதைச் சொக் போன பிறகுதான் உணர்ந்தேன். சின்ன விரலும் மோதிர விரலும் விறைக்கிறது என்றால், உள்ளங்கையின் வெளி ஓரத்தால் போகும் நரம்பு ஹாண்டிலில் அழுந்துகிறது என்று பொருள். அந்த இடத்தில் மெத்தை உள்ள கையுறை வேண்டும். நடு உள்ளங்கையில் மெத்தை வைத்தது பார்வைக்கு நன்றாக இருக்கும், பலன் இல்லை. வியர்வை உப்பும் கடல் உப்பைப் போலத்தான், வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் போடுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குத் தயக்கமே இல்லை. கிறவலில் முன் சக்கரம் வழுக்கினால் விழுவது நொடிப் பொழுது. சைக்கிளுக்கென்று செய்தது, உள்ளே இ.என். 1078 (சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம்) என்று அச்சடித்தது, புதிதாக வாங்கியது. பாவித்த வண்டிகளோடு வரும் பாவித்த ஹெல்மெட்டை யாருக்கும் நான் சொல்லமாட்டேன், அது முன்னமே ஒரு அடி வாங்கியதா என்று வெளியே தெரியாது. உள்ளிருக்கும் நுரை ஒரு பெரிய அடியை வாங்கி நசுங்குவதற்குத்தான் இருக்கிறது, நசுங்கிய பிறகு அதற்கு வேலை இல்லை. முன் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, வார் இரண்டும் காதுக்குக் கீழே சேர வேண்டும். பெற்றோல், தின்னர் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், நுரை கரைந்துவிடும். சைக்கிளுக்கு எதற்கு ஹெல்மெட் என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

பாவித்த வண்டியில் ஏற்கெனவே சொக் இருந்தால் பார்க்க ஒரு வழி உண்டு. மேல் குழாயின் பின்பக்கத்தில் நகத்தால் உரசுங்கள், நகம் தட்டுப்பட்டால் அங்கே குழி. பிறகு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரலைக் கழுத்துப் பெயரிங் இடுக்கில் வையுங்கள், ஆட்டம் அங்கே என்றால் இறுக்கிச் சரிசெய்யலாம். விரலைச் சீலடியில் வைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் உள்ளே புஷ் போய்விட்டது. அந்த வண்டிக்குச் சொக்கின் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

மச்சான் ஓடப்போவது அக்கரைப்பற்றிலிருந்து கடலோர றோட்டால் பொத்துவில் பக்கம். அங்கேயும் இதே உப்புக் காற்றுத்தான், றோட்டோ என் கிறவலை விட எவ்வளவோ நல்லது. எனக்கு அந்தச் சொக் தந்த சுகத்தை இன்னும் எந்தச் சாமானும் தரவில்லை, உன்னிச்சை றோட்டில் போகும்போது அதைத் தேடுகிறேன் என்பதும் உண்மை. ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். சொக் இல்லாததை எடுக்கட்டும். மிஞ்சும் காசில் முதலில் ஹெல்மெட், பிறகு கையுறை, பிறகு ரயர். ரயர் வாங்குமுன் போர்க்கின் இரண்டு காலுக்கும் இடையில் உள்ள இடைவெளியை அளந்து பார்க்கட்டும். ரயரின் இரண்டு பக்கமும் 6 மி.மீ. ஆவது சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையில் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.