மோட்டார்ஹோமின் ஓட்டத்தைச் சீராக்க எது உதவும்: ஷாக்கா, காற்றுப் பையா, ஆன்டி-ரோல் பாரா?

மோட்டார்ஹோம் என்பது சரக்கு வண்டியின் முதுகில் ஏற்றப்பட்ட வீடு. ஃபோர்டு இ-450, எஃப்-53 ஆனாலும், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபியட் டுகாட்டோ ஆனாலும், அவற்றின் ஸ்பிரிங்குகளும் அச்சுகளும் பாரம் தாங்குவதையே முதல் கடமையாகக் கொண்ட வாகனங்களின் வழியில் வந்தவை. சரக்கு வண்டி பாரத்தோடு போய்க் காலியாகத் திரும்பக்கூடும். மோட்டார்ஹோமோ கட்டில், அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி என்று அனுமதிக்கப்பட்ட எடையின் விளிம்பை ஒட்டியே வாழ்நாள் முழுவதும் ஓடுகிறது. அதன் உடல் உயரமானது, பக்கவாட்டில் காற்று வாங்குவது, பின் சக்கரத்துக்குப் பின்னாலும் வெகுநீளம் தொங்குவது. அந்த நீட்டலில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல்போல் பின் அச்சை அமுக்கி, முன் அச்சிலிருந்து பாரத்தை எடுத்துவிடுகிறது.

“வண்டி தூக்கிப் போடுகிறது” என்று ஒரே வாக்கியத்தில் குறையைச் சொல்லிவிட்டு நேராக ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு தனித்தனிக் குறைகள் ஒளிந்திருக்கலாம். சாலையின் இணைப்புகளில் ‘டக், டக்’ என்று பாத்திரங்கள் அதிர்வது ஒன்று. ஒரு பள்ளத்தைக் கடந்த பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை எழுந்து தாழ்வது இன்னொன்று. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வது மூன்றாவது. பெரிய லாரி ஒன்று முந்திச் செல்லும்போது பின்பகுதி வால் ஆட்டுவதுபோல் விலகுவது நான்காவது. இவற்றுள் ஷாக் முழுமையாகத் தீர்த்துவைப்பது இரண்டாவதை மட்டுமே. ஆகவே, சந்தையில் கிடைக்கும் மாற்றுகளை எது சிறந்தது என்று பொதுவாக ஒப்பிடுவதைவிட, எந்தக் குறைக்கு எது என்று ஒப்பிடுவதே பயன் தரும்.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, பயணத்துக்குப் புறப்படும் அதே பாரத்தோடு வண்டியை எடைமேடையில் ஏற்றி, ஒவ்வொரு அச்சின் எடையையும், முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தின் எடையையும் தனியாக எடுப்பது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச பாரத்துக்கு உரியது. உங்கள் வண்டியின் பாரத்துக்கு உரிய அழுத்தம் டயர் நிறுவனம் வெளியிடும் பார அட்டவணையில் இருக்கிறது. ஓர் அச்சின் இரு பக்கங்களில் எது கனமோ அதற்கேற்ற அழுத்தத்தையே இரு பக்கமும் வைக்க வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. இ-450 வகை வண்டியின் டயர்களில் 80 பிஎஸ்ஐ உச்ச அழுத்தமாக இருக்கும் நிலையில், முன் அச்சு அதைவிடக் குறைந்த அழுத்தத்துக்கான பாரத்தையே சுமப்பது சாதாரணம். அளவுக்கு மீறிக் காற்றடைத்த டயர் கல்லாகி, முதலாவதாகச் சொன்ன ‘டக், டக்’ அதிர்வில் பெரும்பங்கைத் தானே உண்டாக்குகிறது. அட்டவணைப்படி காற்றைச் சரிசெய்ததுமே பாதி எரிச்சல் அடங்கிவிடும் வண்டிகள் நிறைய உண்டு.

இரண்டாவது, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனிந்து பம்ப் ஸ்டாப்பைப் பார்ப்பது. அச்சுக்கு மேலே சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கருப்பு ரப்பர்க் கூம்பு ஒன்று தொங்கும். அதற்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ஸ்பிரிங் மேல்நோக்கிச் செல்ல மிச்சமிருக்கும் தூரம். முழுப் பாரத்தோடு சமதளத்தில் நிற்கும்போது அந்த இடைவெளியில் ஒரு விரல் மட்டுமே நுழைகிறது என்றாலோ, ரப்பரின் நுனி தேய்ந்து பளபளத்தாலோ, ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு அந்த ரப்பரில் போய் மோதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் வண்டி தூக்கிப் போடுவது நிற்காது, ஏனென்றால் ஷாக் பாரம் தாங்கும் உறுப்பே அல்ல. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயின் உராய்வால் வெப்பமாக மாற்றி அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை.

இடைவெளி போதுமானதாக இருந்து, ஆட்டம் மட்டும் அடங்கவில்லை என்றால் ஷாக்குகளை ஒப்பிடலாம். தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் வருவது இரட்டைக் குழாய் வகை. அதில் எண்ணெயும் வாயுவும் வெளிக்குழாயில் ஒன்றாக இருப்பதால், மேடுபள்ளம் நிறைந்த நீண்ட சாலையில் எண்ணெய் நுரைத்துச் சூடேறி, அடக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். விலை குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் கனமான வண்டிக்கு மூச்சு வாங்கும். ஒற்றைக் குழாய் வகையில், பில்ஸ்டீன் இதற்குப் பெயர் பெற்றது, உயர் அழுத்த நைட்ரஜனை மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயிலிருந்து பிரித்துவைக்கிறது. நுரைக்க வழியில்லை, வெப்பம் குழாயின் சுவர் வழியாக நேரே வெளிக்காற்றுக்குப் போய்விடுகிறது. எழுந்து தாழும் மிதப்பை இது உறுதியாகப் பிடித்து நிறுத்தும். ஆயினும் சிறு சிறு வெடிப்புகள் நிறைந்த சாலையில் அந்த உறுதியே கைக்கும் முதுகுக்கும் தெரியக்கூடும், குழாயில் கல்பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, கோனி நிறுவனத்தின் எஃப்எஸ்டி வகை. அச்சு வேகமாகத் துடிக்கும்போது எண்ணெய்க்கு ஒரு கூடுதல் வழியைத் திறந்துவிட்டு இளகுவதும், வண்டியின் உடல் மெதுவாக எழுந்து தாழும்போது அந்த வழியை மூடி இறுகுவதும் இதன் சிறப்பு. இது ஏன் முக்கியம் என்றால், உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேல்கீழ் அதிர்வை மிக அதிகமாக உணர்வது நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை துடிக்கும் எல்லையில். வண்டியின் உடல் அசைவதோ நொடிக்கு ஒன்று இரண்டு முறைதான். சக்கரத்தின் துடிப்பு இவ்விரண்டையும் தாண்டி, 10 முறைக்கும் மேலே போகிறது. ஒரே இறுக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு செய்யப்பட்ட ஷாக் இது. என் முடிவைக் கேட்டால், பெரும்பாலும் நல்ல நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஒற்றைக் குழாய் போதும். பழுதடைந்த சாலைகளில் நாள்கணக்கில் போகிறவர்களுக்கு எஃப்எஸ்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது. இருக்கும் ஷாக் செத்துவிட்டதா என்று அறிய, மேடுபள்ளமான சாலையில் ஓட்டிவிட்டு உடனே நான்கையும் தொட்டுப் பாருங்கள்: வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும், செய்யாதது குளிர்ந்தே கிடக்கும்.

இடைவெளி குறைந்த வண்டிக்கு வேண்டியது ஸ்பிரிங்கின் துணை. இங்கே ரப்பர் கட்டைக்கும் காற்றுப் பைக்கும் போட்டி. நுண்துளைப் பாலியூரித்தேனால் ஆன சூமோஸ்பிரிங்ஸ், ரப்பரால் ஆன டிம்ப்ரன் போன்றவற்றைப் பம்ப் ஸ்டாப் இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டு மறந்துவிடலாம். கசிவில்லை, குழாயில்லை, பராமரிப்பில்லை. ஆனால் அவற்றின் இறுக்கத்தை மாற்ற முடியாது, அச்சைத் தொட்டபடியே நிற்கும் அளவில் பொருத்தினால் முழு ஓட்டமும் விறைப்பாகிவிடும். ஃபயர்ஸ்டோன் ரைடு-ரைட் போன்ற காற்றுப் பைகளில் 5 முதல் 100 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தை மாற்றலாம். ஒரு பக்கம் சமையலறையும் தொட்டியும் சேர்ந்து கனத்திருக்கும் வண்டியை நிமிர்த்த இதைவிட எளிய வழி இல்லை. இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைப்பது மட்டும் பெருந்தவறு. வளைவில் வெளிப்பக்கப் பை அமுங்கும்போது அதன் காற்று உள்பக்கப் பைக்குப் பாய்ந்து, சாய்வை அதிகமாக்கிவிடும். தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு என்பதே முறை. இரண்டில் எதைப் போட்டாலும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒரு கிலோகூட உயராது. லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளே தளர்ந்து வளைவிழந்திருந்தால் இவ்விரண்டையும் விட்டுவிட்டு, உண்மையான பாரத்துக்கு ஏற்ற புதிய பட்டைத் தொகுதியைப் போடுவதே சரி. பாரம் என்றும் மாறாத வண்டிக்கு, மாற்றக்கூடிய அழுத்தத்தால் பெரிய ஆதாயம் இல்லை.

சாய்வதும் வால் ஆட்டுவதும் வேறு கதை. சாய்வைக் குறைப்பது ஆன்டி-ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களின் அசைவைக் குறுக்கே இணைக்கும் முறுக்குத் தண்டு. அதன் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்வதால், 25 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதிலாக 32 மில்லிமீட்டர் தண்டு போட்டால் விறைப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகிறது. கைமாறாக, ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அந்த அசைவு மறுபக்கத்துக்கும் கடத்தப்பட்டு, பயணிகளின் தலை பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஆடும். ஃபோர்டு எஃப்-53 வண்டிகள் பலவற்றில் பாரின் நுனியில் இரண்டு துளைகள் இருக்கின்றன. இணைப்புத் தண்டைப் பாரின் கைப்பகுதி நீளம் குறையும் துளைக்கு மாற்றினால், ஒரு பைசா செலவில்லாமல் விறைப்பு கூடுகிறது. பெரிய பார் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்காமல் விடுவது எனக்குப் புரியாத ஒன்று. வால் ஆட்டத்துக்கோ ஆன்டி-ரோல் பார் மருந்தல்ல. நீண்ட லீஃப் ஸ்பிரிங்குகளும் புஷ்களும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்) பக்கவாட்டில் நெளிவதால் சேஸிஸ் அச்சின்மேல் நழுவுவதே அதன் காரணம். அச்சையும் சேஸிஸையும் குறுக்கே இணைக்கும் பன்ஹார்டு ராடு அந்த நழுவலை நேரடியாகப் பிடித்து நிறுத்துகிறது. லாரி முந்தும்போதெல்லாம் ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்கின் திடீர் அசைவை அடக்கும் ஸ்டியரிங் ஸ்டெபிலைசரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன் டயர் வெடிக்கும் நேரத்தில் அது உதவும் என்பது உண்மை. அலைந்து ஓடும் வண்டிக்கு அதைப் பூட்டுவது நோயை மறைக்கும் செயல். அலைச்சலுக்கு முதலில் முழுப் பாரத்தோடு வீல் அலைன்மென்ட் பார்த்து, காஸ்டர் கோணத்தை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவை, சரிசெய்யுங்கள்.

மொத்த அமைப்பையே மாற்றும் வழியும் உண்டு. ஸ்டீல் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு முழு ஏர் சஸ்பென்ஷன் போடலாம், அல்லது அமுங்கக்கூடிய திரவத்தையும் கணினிக் கட்டுப்பாட்டையும் கொண்டு இயங்கும் லிக்விட்ஸ்பிரிங் போடலாம். ஓட்டத்தின் மென்மையில் மேலே சொன்ன எதுவும் இவற்றுக்கு ஈடாகாது. விலையோ மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையையும் தாண்டிவிடும். பொருத்தத் தெரிந்த பட்டறையும் பிறகு பழுதுபார்க்கும் இடமும் அருகில் இருந்தால்தான் இறங்கலாம். வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர்களும், முதுகுவலியோடு நெடுந்தூரம் போகிறவர்களும் இதைத் தயங்காமல் எண்ணிப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில், அதே பாரத்தோடு, அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களில் பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்கச் சொல்ல வேண்டும். ஜாக்கில் தொங்கும் நிலையில் முறுக்கினால், கீழே இறக்கியதும் புஷ் திருகிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துபோகும். பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டியிருந்தால், முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பானர்) அவற்றை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.