வீராணம் ஏரிக்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை

சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினால் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ரோடு வெகுதூரம் ஏரிக்கரை மேலேயே ஓடுகிறது. வலது பக்கம் கண்ணுக்கு எட்டும் வரை தண்ணீர், இடது பக்கம் வயலெல்லாம் அந்தத் தண்ணீரைவிடத் தாழ்வாகக் கிடக்கும், மதகைத் திறந்தாலே போதும், பாய்ச்சல் தானாக நடக்கும்.

கடை லால்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், கரையோரக் கீற்றுக் கொட்டகை, பெயர்ப்பலகை கூட இல்லை. வாழை இலையில் சோறு, மாங்காய் போட்ட கெண்டைக் குழம்பு, கேட்டால் விரால் வறுவல். குழம்பில் புளியும் காரமும் சரியாக நின்றது, மீன் உடையவில்லை. கெண்டையில் முள் அதிகம், குழந்தைகளுக்கு விரால்தான் சரி. நான் முதல் தடவை போனது கோடையில், ஏரி வற்றிக் கிடந்தது. "ஏரி மீன் இல்ல தம்பி, இது வளர்ப்பு மீன், பரவால்லயா?" என்று இலை போடுவதற்கு முன்பே அந்த அக்கா கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஏரி நிறைந்தால்தான் இந்த ஊரே நிறையும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் (907–955) வெட்டிய ஏரி இது. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் மருவி வீராணம் ஆனது, காட்டுமன்னார்கோவில் ஊரும் அப்போது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். கோவிலில் இருப்பவரும் வீரநாராயணப் பெருமாள்தான், ஆழ்வார் பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊரும் இதுதான். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து சேர்கிறது, முழு மட்டம் 47.5 அடி. 2004-லிருந்து சென்னைக்கும் இங்கிருந்துதான் குழாயில் குடிதண்ணீர் போகிறது. சென்னைக்காரர்கள் ஒரு தடவையாவது இந்தக் கரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

குறை என்றால் இரண்டு. கை கழுவ ஒரே ஒரு குடம்தான், அப்புறம் ஒன்றரை மணிக்கு மேல் போனால் வறுவல் தீர்ந்துவிடும், எனக்கே இரண்டு தடவை வெறும் குழம்புதான் கிடைத்தது.

சாப்பிட்டுவிட்டு உடையார்குடி அனந்தீஸ்வரர் கோவிலுக்குப் போங்கள், காட்டுமன்னார்கோவில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அந்தச் சுவரில்தான் இருக்கிறது. எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நின்று பாருங்கள். போவதென்றால் மழை முடிந்து மார்கழி, தை வாக்கில் போங்கள், ஏரி மீன் நிச்சயமாக இருக்கும்.