துப்பறிவாளர்களுக்கான சட்ட வகுப்பு: 4,500 ரூபாய்க்குத் தேறுமா?

தனியார் துப்பறியும் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கென்று ஒரு ஆன்லைன் சட்ட வகுப்பு, ஆறு ஞாயிற்றுக்கிழமை, 4,500 ரூபாய். போன மாதம்தான் முடித்தேன். கவனக்குறைவு பற்றிய இரண்டு வகுப்புகளுக்காகவே சேர்ந்தேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் சோறு போடுவது கள்ளக்காதல் கேஸ் மட்டுமல்ல, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தை விசாரிப்பதும்தான்.

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற வக்கீல். எஃப்.ஐ.ஆரில் வழக்கமாக வரும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வரியைக் காட்டி, "இது போலீஸ் எழுதியது, நீங்கள் போய் என்ன பார்த்தீர்கள்?" என்றார். கவனமாக இருக்கும் கடமை இருந்ததா, மீறினாரா, அந்த மீறலால்தான் அடிபட்டதா, நஷ்டம் என்ன என்ற நாலில் முதலாவது வக்கீல் பாடு, நடுவில் உள்ள இரண்டுக்குத்தான் நாம் வெயிலில் அலைய வேண்டுமாம். அப்புறம் யாரோ வழுக்கி விழுந்த ஒரு கடைத் தரையின் போட்டோ. தண்ணீர் கிடக்கிறது, கடைக்காரர் தப்பு என்று எல்லோரும் சொன்னோம். எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் ஓரம் காய்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, அதை மிதித்துப் போன செருப்புத் தடம் மூன்று நாலு. இப்போதுதான் சிந்தியது என்றால் கடைக்காரரைப் பிடிப்பது கஷ்டம், ஒரு மணி நேரமாகக் கிடந்தது என்றால் கதையே வேறு. கொடுத்த காசில் பாதி அங்கேயே வசூல்.

நத்தை கேஸும் வந்தது. 1928ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் தோழி வாங்கித் தந்த ஜிஞ்சர் பீரில் செத்த நத்தை கிடந்ததாக ஒரு அம்மாள் வழக்குப் போட, காசு கொடுத்து வாங்காதவருக்கும் தயாரிப்பாளர் கடமைப்பட்டவர் என்று 1932ல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. ஆனால் பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை, கேஸ் சமரசத்தில் முடிந்துவிட்டது. துப்பறிபவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர் இதைச் சொல்லாமல் விடலாமா?

கடுப்பேற்றியது நோட்ஸ்தான். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் நடப்பில் இருக்க, இவர்கள் இன்னும் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்றே அச்சடித்திருக்கிறார்கள். இப்போது கவனக்குறைவால் மரணம் என்றால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 106. சிசிடிவி பதிவைக் கோர்ட்டில் கொடுக்க புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63ன்படி இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும், ஹாஷ் மதிப்போடு (பதிவில் கை வைத்தால் மாறிவிடும் அடையாளக் குறியீடு). இதற்கு ஒதுக்கியது ரெண்டே நிமிஷம். மெயில் போட்டேன், பதிலே இல்லை.

விளம்பரத்தில் ‘லைசென்ஸுக்கு உதவும் சான்றிதழ்’ என்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். நம் நாட்டில் துப்பறிவாளருக்கென்று தனி லைசென்ஸ் சட்டமே கிடையாது, 2007ல் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

அந்த இரண்டு வகுப்பை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். 1,500 வரை கொடுக்கலாம்.